காப்பு கட்டிய மறுநாள்

செங்கல்பட்டு
22 ஜூன் 2025

ஜோதிலட்சுமி அவர்களுக்கு,

"அன்னிக்கு நீங்க எங்கூட இருந்திருந்தா அது அருள் இல்லன்னு கண்டுபுடிச்சிருப்பீங்களா மேடம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் மேசைமேல் ஒரு வாரமாகக் கிடக்கிறது.

கண்டுபிடித்திருப்பேன் என்று எழுதினால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவளுக்கு உடம்பைப் பற்றி என்ன தெரியும்? கை நடுங்கி, சட்டை நனைய வேர்த்து, கண்ணுக்குத் தெரியாத யாருடனோ பேசிக்கொண்டிருக்கும் ஒரு பையனைக் கோயில் வாசலில் பம்பைச் சத்தத்துக்கு நடுவே பார்த்தால், குடித்துவிட்டு ஆடுகிறான் என்று முகம் சுளித்துக்கொண்டு தள்ளிப் போயிருப்பேன். அதுவும் தப்பாகத்தான் இருந்திருக்கும்.

டாக்டர் அன்று வேகமாகச் சொன்னதை நிதானமாக எழுதி அனுப்பச் சொன்னீர்கள். எழுதுகிறேன். உங்கள் மகன் ஜெயக்குமார் பல வருடமாகத் தினமும் குடித்தவன். போன ஆடியில் உங்கள் மகளிர் குழு ஊர்ப் பிள்ளைகளுக்குக் காப்பு கட்டியபோது அவனும் கட்டிக்கொண்டான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருக்கிற பத்து நாளும் குடி, கஞ்சா, போதை மாத்திரை எதையும் தொடக்கூடாது. ஊர் எல்லை தாண்டி வெளியில் தங்கக்கூடாது. அவன் வாக்கைக் காப்பாற்றினான். ஒரே நாளில் நிறுத்தினான். அவ்வளவு குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று குடி இல்லாமல் போனால் நடுங்கும், வேர்க்கும், இல்லாததெல்லாம் தெரியும், சில பேருக்கு வலிப்பு வரும். உயிரும் போகலாம். காப்பு கட்டிய மறுநாள் அவன் நடுங்கியது அதனால்தான். அதற்கடுத்த நாள் பம்ப்செட் பக்கத்தில் வலிப்பு வந்து விழுந்ததும் அதனால்தான்.

அவனைத் தூக்கிவந்த செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், இதை அவனிடம் நீங்களே சொல்லிக்கொள்வதாக டாக்டரிடம் சொன்னீர்கள். நீங்கள் சொல்லி அனுப்பியதால் வந்து நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இந்த ஆடியிலயும் கட்டிக்கிறேன்னு சொல்றான்." அவன் மறுபடியும் குடிக்கிறானா?

போன ஆடிக்கு முன்பே நான் குழுவை விட்டு விலகியது பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

கோதை

—

கடப்பாக்கம் அஞ்சல்
30.6.2025

மேடம்,

வணக்கம். தயவுசெஞ்சி போன் மட்டும் பண்ணாதீங்க. வூட்ல ஒரு போன்தான் கீது, அது அவன் கையிலதான் இருக்கும். நாம பேசறது அவன் காதுல வுழுந்தா அன்னியோட எல்லாம் முடிஞ்சிது. குழு தையல் கொட்டகைக்கு, பூங்கொடி பேர் போட்டு எழுதுங்க. அவ பிரிக்கமாட்டா.

ஆமா, குடிக்கிறான். தீபாவளிக்கு ஆரம்பிச்சான். மாமல்லபுரத்துப் பக்கம் ரிசார்ட்ல ரூம் கிளீன் பண்ற வேலைக்குத் திரும்பிப் போனான் இல்லியா, அங்க தங்கறவங்க பாதி குடிச்சிட்டு வுட்டுட்டுப் போற பாட்டிலெல்லாம் இவங்க கைக்குத்தான் வருது. காசு போட்டு வாங்கினாலாவது தடுக்கலாம். ஓசில வர்றத எப்பிடித் தடுக்கறது?

ஆனா கேளுங்க. அவன் கெட்ட எண்ணத்துல காப்பு கேக்கல. "போன வருசம் ஆத்தா எம்மேல வந்தா, என் உடம்புதான் தாங்கல. இந்த வருசம் தாங்கும்மா, சரியாயிடுவேன்"ன்னு சொல்றான். காலைல குடிக்கறதுக்கு முன்னாடி குளிச்சிட்டு கோயில்ல போய் உக்காந்துக்கறான். வயசானவங்கல்லாம் அவங்கிட்ட துன்னூறு வாங்கிக்கினு போறாங்க. எட்டாவதோட நின்ன புள்ள. இதுக்கு முன்னாடி ஊர்ல ஒருத்தரும் அவன நிக்கவெச்சிப் பேசினதில்ல.

இன்னொண்ணும் சொல்றேன். நீங்க கணக்கு பாக்கற ஆளு, உங்களுக்குப் புரியும். போன ஆடில அவனுக்கு அருள் வந்ததப் பாத்துட்டுத்தான் மத்த அம்மாக்காரிங்க புள்ளைங்கள இழுத்தாந்து காப்பு கட்டினாங்க. "ஜெயக்குமாருக்கே ஆத்தா வந்துட்டா, உனக்கின்னாடா கேடு"ன்னு கேட்டுக் கேட்டுக் கூட்டியாந்தாங்க. சவுக்குத் தோப்புல நாம குனிஞ்சி குனிஞ்சி மாத்திரை அட்டை பொறுக்கினமே, அங்க இப்ப வாலிபால் நெட்டு கட்டி சாயங்காலம் ஆடறானுங்க. சின்னப் பசங்க புதுசா யாரும் தோப்புக்குள்ள போறதில்ல. எல்லாம் அந்த ஒரு நாளால வந்தது. அது அருள் இல்லன்னு நான் வாயத் தொறந்தா மிச்சம் இன்னா இருக்கும்?

நீங்க விலகினது பத்தி நான் எழுதாததுக்குக் காரணம் இருக்கு. அன்னிக்குக் கூட்டத்துல நான் சொன்னது தப்புன்னு எனக்கு இப்பவும் தோணல. சிறுசேரில கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கற உங்க அண்ணன் புள்ள சனிக்கிழமை குடிச்சா அதுக்குப் பேரு பார்ட்டி. எங்க புள்ள குடிச்சா ஆய்வு. எல்லார் எதிர்லயும் சொன்னதுதான் தப்பு.

ஜோதி

—

செங்கல்பட்டு
6 ஜூலை 2025

ஜோதி,

என் அண்ணன் மகன் ஹரிசங்கரைப் பற்றி நான்தான் உங்களிடம் சொன்னேன், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மத்தியானம், வேறு யாரிடமும் சொல்லாததை. அதைக் கூட்டத்தில் எடுத்துப் போட்டதுதான் எனக்கு வலித்தது. நீங்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவன் வீட்டுக்கு யாரும் கேள்வித்தாள் எடுத்துக்கொண்டு போவதில்லை. என் அண்ணனும் மன்னியும் "வேலை டென்ஷன்" என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.

என் மாணவிகளை உங்கள் ஊருக்கு முகாமுக்குக் கூட்டிவந்து ஒரு வாரம் வீடு வீடாகக் கேள்வி கேட்டதில் ஒரு பையனும் குடியை விடவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் கட்டிய நெட் அதைவிட நிறையச் செய்திருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வார்டு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். பேர் சொல்லாமல் கேட்டேன், அவருக்கே நினைவிருந்தது. "அந்த சாமி வந்த பையனா?" என்றார், சிரிக்காமல். ஒரு தடவை வலிப்பு வந்தவன் மறுபடி அதேபோல் ஒரே நாளில் நிறுத்தினால் போன தடவையைவிட மோசமாகப் போகலாம் என்றார். அவன் குடியை விட வேண்டும், ஆனால் வார்டில் படுத்து, மருந்தோடு, கண்காணிப்பில் விட வேண்டும். பத்து நாள் ஆகலாம். காப்புக்கு முன்னால் வந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

காப்பு கட்டிவிட்டால், போன வருடம்போல் நினைவில்லாமல் தூக்கிவந்தால் ஒழிய, அவன் எல்லை தாண்ட மாட்டான். உங்கள் ஊர் அவனைத் தாண்டவும் விடாது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காப்பு என்று உங்கள் முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதற்குள் அவனிடம் சொல்லிவிடுங்கள். உண்மை தெரியாமல் அவன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான். ஆத்தா குணப்படுத்துவாள் என்று நம்புகிறவன் எதற்கு வார்டில் வந்து படுக்க வேண்டும்?

கோதை

—

15.7.2025

மேடம்,

நீங்க எழுதறது ரொம்ப சுலுவு. "சொல்லிவிடுங்கள்." யாரு சொல்றது? நீங்க வந்து சொல்லுங்க. அவன் மூஞ்சியப் பாத்து, நீ சாமி இல்லடா, குடிகாரன்டான்னு சொல்லுங்க.

பூசாரி அருணகிரி அண்ணங்கிட்ட சுத்தி வளைச்சிக் கேட்டேன். உடம்பு சரியில்லாத ஆளுக்கு அருள் வருமான்னு. "ஜோதி, எனக்கு சுகரு. காலைல இட்லி துன்னாம இருந்தா எனக்கும்தான் கை நடுங்குது. எவனாவது சாமின்னு கால்ல தண்ணி ஊத்தினானா?"ன்னு கேட்டு சிரிச்சிட்டு, அப்புறம் என்னையே பாத்துகினு இருந்தாரு. அவருக்கு அப்பவே சந்தேகம் இருந்திருக்கு. பம்பை அடிக்கும்போது எப்பிடி நிறுத்தறதுன்னு கம்முனு இருந்துட்டாராம்.

எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உடம்பு நடுங்கினது வியாதியாவே இருக்கட்டும். அந்த வியாதிக்குள்ளயே ஆத்தா வந்திருக்கக் கூடாதா? ரெண்டும் இருந்தா இன்னா தப்பு? அன்னிக்கு அவன் என்னப் பாத்து "ஜோதி, அழாத"ன்னான். அம்மான்னு கூப்புடல. நான் பெத்த புள்ள என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். எனக்கு உடம்பு புல்லரிச்சிப் போச்சி மேடம். என் புருசன் போனதுக்கு அப்புறம் ஒருத்தர் என்ன அழாதன்னு சொன்னது அன்னிக்குத்தான்.

அதையும் வலிப்புன்னு எழுதி அனுப்பாதீங்க.

ஜோதி

—

செங்கல்பட்டு
19 ஜூலை 2025

அன்புள்ள ஜோதி,

எழுதவில்லை. அது என்னவென்று எனக்குத் தெரியாது. ஆத்தா எங்கே வருவாள், எங்கே வரமாட்டாள் என்று சொல்கிற படிப்பு எதையும் நான் படிக்கவில்லை. நான் சாமி கும்பிடுவதே அம்மாவின் திதியன்று மட்டும்தான்.

ஆனால் அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு அவன் கையில் கயிறு கட்டாதீர்கள். இது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

நான் வந்து சொல்லலாம். எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னால் அவனுக்கு அது செங்கல்பட்டு மேடம் சொன்ன இன்னொரு விஷயம், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். நீங்கள் சொன்னால் போக இடமில்லை. கொடுமைதான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கோபத்தில் விலகாமல் இருந்திருந்தால் போன ஆடியில் நானும் அந்தக் கூட்டத்தில் ஓரமாக நின்றிருப்பேன். என்னால் ஒன்றும் ஆகியிருக்காது என்று முதல் கடிதத்தில் எழுதினேன். இருந்தாலும் நின்றிருக்கலாம்.

திங்கட்கிழமை 28ஆம் தேதி லீவு போட்டிருக்கிறேன். காலையில் கடப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் இருப்பேன். வீட்டுக்கு வரமாட்டேன். அவன் வந்தால் கூட்டிக்கொண்டு போகிறேன். வராவிட்டால் திரும்பிவிடுகிறேன்.

கோதை

—

27.7.2025

அக்கா,

நாளைக்கு இத அவன் கையிலயே குடுத்தனுப்பறேன். ஒட்டித்தான் இருக்கும். பிரிச்சிப் படிச்சாலும் படிக்கட்டும், இனிமே மறைக்க ஒண்ணுமில்ல.

சொல்லிட்டேன். நேத்து மத்தியானம் சோறு போட்டுகினே சொன்னேன். உக்கார வெச்சி சொல்லணும்னு நெனச்சிருந்தேன், எங்க, வாய்ல வந்துட்டுது.

"டேய், போன வருசம் உனுக்கு வந்தது ஆத்தா இல்லடா."

சோத்துல கை வெச்சவன் அப்பிடியே பாத்தான். "அப்ப இன்னா?"

"குடிய திடீர்னு வுட்டா உடம்பு அப்பிடி ஆடுமாம். டாக்டரு சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"ஆஸ்பத்திரில இருக்கசொல்லவே."

தட்ட தள்ளி வெச்சான். அப்புறம் கேட்டான்: "ஒரு வருசமா தெரிஞ்சிக்கினுதான் எங்கிட்ட துன்னூறு வாங்கினியா?"

வாங்கினேன். மத்தவங்க வாங்கும்போது நான் மட்டும் எப்பிடி வாங்காம இருக்கறது? அதுக்காக மட்டும் வாங்கினேன்னும் சொல்ல முடியல.

"முனியம்மா அத்த பேரனுக்குக் காய்ச்சல்னு தூக்கியாந்து நெத்தில பூசச் சொல்லிச்சே. நானும் பெரிய இவனாட்டம் பூசினேனே. அப்பவாச்சும் என்னக் கூப்ட்டு சொல்லியிருக்கலாமில்ல?" அப்பிடின்னான். கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். கைய கழுவிட்டு வெளிய போயிட்டான்.

போய் குடிச்சான். தெரிஞ்சதுதான். காலைல எழுந்திரிச்சி வந்து வாசப்படில நின்னுகினு, என் மூஞ்சிய பாக்காம, "அந்த மேடம் எந்த பஸ்ஸுக்கு நிக்கறாங்க?"ன்னு கேட்டான். சொன்னேன்.

நான் கூட வரல. வெள்ளிக்கிழமை நான் காப்பு கட்டிக்கப் போறேன், அவனுக்காக. இவ்ளோ நடந்தப்புறமுமான்னு நீங்க கேப்பீங்க. கேளுங்க. எனக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியல. பத்து நாளைக்கு நான் எல்லை தாண்ட முடியாது, நீங்கதான் பாத்துக்கணும். ராத்திரில கால் வலிக்குதும்பான். எண்ணெ தேச்சா தூங்கிடுவான்.

ஜோதி

—

4.8.2025

அக்கா,

அவன் போன வூட்லயே வெச்சிட்டுப் போனது நல்லதாப் போச்சி, நீங்க ஆஸ்பத்திரிலருந்து தெனமும் அதுல சொல்றதே போதும். முதல் ரெண்டு நாள் ரொம்ப ஆட்டம்னு சொன்னீங்களே, அப்பகூட வலிப்பு வரலன்னு கேட்டதும் கோயில்ல போய் கற்பூரம் கொளுத்தினேன். இப்ப ஒண்ணு எழுதறேன். போன்ல சொன்னா அழுதுடுவேன்.

வெள்ளிக்கிழமை காப்புக்கு முன்னாடி எல்லார் எதிர்லயும் எழுந்திரிச்சி சொன்னேன். தெனமும் குடிக்கிற புள்ளைக்கு எடுத்தோம் கவுத்தோம்னு காப்பு கட்டவேணாம், மொதல்ல டாக்டருகிட்ட போவட்டும், அப்புறம் கட்டலாம்னு. என் புள்ளைக்குப் போன வருசம் வந்தது அருள் இல்லன்னும் சொன்னேன். வாலிபால் ஆடறானே ரமேஷ், அவன் பின்னாடிலருந்து, "இன்னா அத்த, ஆத்தா இப்ப டாக்டர் சீட்டு கேக்கறாளா?"ன்னான். அவ்ளோதான். சிரிப்பு. சிரிச்சி சிரிச்சி பாதிப் பசங்க காப்பு கட்டிக்காமலே கலைஞ்சிட்டானுங்க. அம்மாக்காரிங்களும் தடுக்கல. முனியம்மா அத்த எங்கிட்ட பேசறதையே நிறுத்திடுச்சி. பேரன் காய்ச்சல் அன்னிக்கே வுட்டுப்போச்சின்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தது அதுதான்.

தோப்புல நேத்து மறுபடியும் மாத்திரை அட்டை கெடந்துது. நான் பொறுக்கினேன். பூங்கொடி வந்து கூட பொறுக்கினா. கொட்டகைக்கு வந்து துணி வெட்டிகினே, "ஜோதி, அந்த வார்டு எந்தப் பக்கம் கீது, பொம்பள தனியா கூட்டிகினு போனா சேத்துப்பாங்களா"ன்னு கேட்டா. அவ தம்பிக்காகக் கேக்கறா. குழுவுக்கு இவ்ளோ வருசத்துல மிச்சம் அவ ஒருத்தி.

நான் சொன்னது சரியா தப்பான்னு இப்ப கேக்கல. ஞாயித்துக்கிழமை தீமிதி. அவன் தீ மிதிக்கவேணாம். ஓரமா நின்னு பாத்தா போதும். நான் மிதிக்கசொல்ல அவன் அங்க இருக்கணும். மத்தியான பஸ்ஸுல ஏத்தி வுட்டுடுங்க.

ஜோதி

—

செங்கல்பட்டு
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜோதி,

இன்று டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். மாத்திரை எழுதிக்கொடுத்து, வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது என் வீட்டுக் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறான். உடம்பில் கொஞ்சம் சதை பிடித்த மாதிரி இருக்கிறது, நானாக நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ. வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெரியவர் கிளம்பும்போது, "தம்பி, உன்ன மறுபடி இங்க பாத்தேன், செருப்புதான்" என்றார். வந்ததிலிருந்து அவன் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

உங்களைப் பற்றிப் பேசவில்லை. கோபம் இருக்கிறது. அதைத் தீர்க்கிற இடத்தில் நான் இல்லை.

நீங்கள் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னதை என் சக ஆசிரியர்களிடம் சொன்னேன். "எவ்வளவு துணிச்சல்" என்றார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. அந்தக் குழுவைச் சேர்க்க நீங்கள் எத்தனை வீட்டுப் படி ஏறினீர்கள் என்று பார்த்தவள் நான். அது கலைந்ததில் என் பங்கும் இருக்கிறது. சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினேன். சொன்ன பிறகு என்ன ஆகும் என்று எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் எழுதினேன். மறுபடியும் எழுதுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

நாளை மத்தியானம் செய்யூர் வழியாக வருகிற பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். இந்தக் கடிதத்தையும் அவனிடமே தருகிறேன்.

10 ஆகஸ்ட்

நேற்றுக் கொடுப்பதாக எழுதிய கடிதத்தில் இதையும் சேர்க்கிறேன். மத்தியானம் போனில் "இன்னிக்கு வரல, நாளைக்கு வருவான்" என்று மட்டும் சொன்னேன். நீங்களும் காரணம் கேட்கவில்லை. நடந்தது இது.

பஸ் நிலையத்துக்குப் போனோம். டீ குடித்தான். பஸ் வந்தது, அடுத்ததில் போகிறேன் என்றான். அடுத்ததும் வந்து போனது.

"அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க ஜெயக்குமார்" என்றேன்.

"தெரியும் மேடம்" என்றான். "நான் போய் ஓரமா நின்னா ஜனங்க தீயையா பாப்பாங்க? என்னத்தான் பாப்பாங்க. எங்க அம்மா மிதிக்கறத ஒருத்தரும் பாக்கமாட்டாங்க."

அதன்பின் நான் வற்புறுத்தவில்லை. வீட்டுக்குத் திரும்பினோம்.

சாயங்காலம் எங்கள் தெருமுனைக் கோயிலிலும் ஆடித் திருவிழா. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு, நடுவே பம்பை. உங்கள் ஊரில் நீங்கள் குழியில் இறங்கும் நேரமாக இருக்கும். அவன் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நான் காபி கொண்டுபோனபோது, வார்டில் டாக்டர் தினமும் நீட்டிக் காட்டச் சொன்ன மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். நான் வந்ததற்காகக் கையை மடக்கவில்லை. பம்பை வேகம் பிடித்தது. கண்ணை மூடினான். நானும் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். பம்பை நின்று, நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

"நடுங்கவே இல்ல மேடம்" என்றான்.

நல்லதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகம், காத்திருந்த யாரோ வராமல் போன மாதிரி இருந்தது. காபியை வாங்கிக் குடித்தான். ஆறிப்போயிருந்தது.

கோதை